சுண்ணாம்புக் கல்லின் மேல் ஓர் ஊர்: புத்தளத்துத் தண்ணீர் பற்றிச் சில குறிப்புகள்

புத்தளத்தின் வரலாறு என்று நாம் எழுதி வைத்திருப்பவற்றில் உப்பு இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, பள்ளிவாசல்கள், மரைக்கார்மார், குடும்ப வழிகள் எல்லாம் இருக்கின்றன. தண்ணீரைத்தான் காணவில்லை. இப்னு பதூதா வந்து இறங்கிய ஊர் என்று பெருமையோடு சொல்கிறோம். இறங்கியவருக்கு எந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்திருப்பார்கள் என்று நாம் கேட்பதில்லை.

இது விளையாட்டுக்குக் கேட்கும் கேள்வி அல்ல. வறண்ட கரையோரம் ஒன்றில் குடி எங்கே அமையும், எந்த வளவு விலை போகும், எந்த ஒழுங்கையில் வீடுகள் நெருங்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிணறுதான். எங்கள் பக்கத்தில் காணி பார்க்கப் போன பெரியவர்கள் உறுதியைப் பார்க்குமுன் கிணற்றடிக்குப் போய் ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார்கள். அந்த ஒரு கைத் தண்ணீரின் வரலாற்றைத்தான் இங்கே முடிந்தவரை சொல்லப் பார்க்கிறேன். முப்பது வருடம் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் வரலாற்றோடு கொஞ்சம் இரசாயனமும் கலந்துதான் வரும். வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்து இக்கரையில் இறங்கியது 1344இல். அவர் 'பத்தாலா' என்று எழுதிய ஊரைப் புத்தளம் என்றே ஆய்வாளர் பெரும்பாலும் கொள்கின்றனர். மரத்தால் ஆன மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகான ஊர் என்றும், ஆரியச் சக்கரவர்த்தி அங்கே இருந்தார் என்றும் அவருடைய பயணக் குறிப்புச் சொல்கிறது. எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. ஆற்று வெள்ளம் அடித்துக் கொண்டுவந்த கறுவாக் கட்டைகள் கரையெங்கும் கிடந்தன என்று எழுதுகிறார். நம்மவர்கள் கறுவாவைப் பிடித்துக்கொண்டு வணிகம் பேசப் போய்விடுவார்கள். நான் வெள்ளத்தைப் பிடித்துக்கொள்கிறேன். புத்தளம் களப்பில் விழும் ஆறுகளில் பெரியவை இரண்டு, மீ ஓயாவும் கலா ஓயாவும். மாரியில் மரத்தை உருட்டி வரும். கோடையில் மணல் தெரிய மெலிந்து போகும். இவற்றில் ஒன்றின் நீர் ஆறரை நூற்றாண்டு கழித்து எங்கள் வீட்டுக் குழாயில் வரப்போகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உப்பு விளைய என்ன வேண்டும்? காய்ந்த காற்று, நீண்ட வெயில், குறைந்த மழை, ஆழமில்லாத உப்புக் களப்பு. இவையெல்லாம் இருந்தபடியால்தான் புத்தளம் உப்புக்குப் பேர் போனது. கண்டி இராச்சியத்துக்கு உப்புப் போன வழிகளில் இது முக்கியமானது. ஒல்லாந்தர் இந்தக் கரையை இறுக்கிப் பிடித்ததற்கும் அது ஒரு காரணம். 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் கற்பிட்டியில் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. ஆனால் உப்புக்கு உதவிய அதே வெயிலும் அதே களப்பும்தான் குடிநீரை அரிதாக்கின. எங்கள் ஊரின் செல்வமும் எங்கள் ஊரின் தாகமும் ஒரே காரணத்தால் வந்தவை. முன்னதை எழுதியவர்கள் பின்னதையும் எழுதியிருக்க வேண்டும்.

சரி, இனிக் கல்லுக்கு வருவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தொடங்கி மன்னார்ப் பக்கமாக இறங்கிப் புத்தளம் வரை வடமேல் கரையோரம் ஒரு சுண்ணாம்புக் கல் படை போகிறது. மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்தது. வண்ணாத்திவில்லுப் பக்கம் அறுவாக்காட்டில் அந்தக் கல்லை வெட்டி, பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்கென்றே ஒரு ரயில் பாதை உண்டு. நாட்டில் எத்தனையோ வீடுகளின் சுவருக்குள் எங்கள் கல் இருக்கிறது. எங்கள் கேத்தலுக்குள்ளும் அதே கல்தான் இருக்கிறது.

எப்படி? மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டை இழுத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கும். கரைந்த கல்சியமும் மக்னீசியமும் தண்ணீரோடு கிணற்றுக்கு வரும். இதைத்தான் பாடப்புத்தகம் 'வன்னீர்' என்கிறது. கொதிக்க வைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிக் கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்காகப் படியும். கொதிக்கப் படிவது தற்காலிக வன்மை. கொதித்தும் போகாமல் நிற்பது நிலையான வன்மை. அது சல்பேற்று, குளோரைட்டு வகை உப்புகளால் வருவது. களப்புக்குக் கிட்டிய கிணறுகளில் இரண்டோடு சவரும் சேரும்.

எங்கள் பெண்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் பாகுபாடு தெரியும். என் உம்மம்மாவின் வீட்டில் மூன்று தண்ணீர் இருந்தது. வளவுக் கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் பாத்திரம் கழுவவும். இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வளவில் இருந்த 'நல்லதண்ணிக் கிணறு' குடிக்கவும் சோறு கறிக்கும். மாரி காலத்தில் கூரைத் தாழ்வாரத்தில் பானை வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர் பருப்பு அவிக்கவும், தலை முழுகவும், விசேசமாக வருகிற விருந்தாளிக்குத் தேத்தண்ணி ஊற்றவும். "இந்தக் கெணத்துத் தண்ணில பருப்பு வெச்சா அது பருப்பாவே கெடக்கும்" என்பார். அது உண்மை. கல்சியம் பருப்பின் தோலிலும் சதையிலும் உள்ள பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடும். எவ்வளவு விறகு எரித்தாலும் குழையாது. தேத்தண்ணியின் மேல் ஆடை மாதிரிப் படர்கிற மங்கலும் சுண்ணாம்பும் தேயிலைச் சாறும் சேர்ந்து செய்கிற வேலைதான். விருந்தாளியின் கோப்பையில் ஆடை கட்டினால் வீட்டுக்காரிக்கு வெட்கம். தண்ணீரின் குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சவுக்காரம் இன்னொரு அளவுகோல். வன்னீரில் சவுக்காரம் முதலில் கல்சியத்தோடு சேர்ந்து சாம்பல் நிற அழுக்காகத் திரளும். கல்சியம் தீர்ந்த பிறகுதான் நுரைக்கும். அதனால்தான் வெள்ளைச் சாரன் எங்கள் ஊரில் சீக்கிரம் பழுப்பேறியது. தேங்காய் எண்ணெயில் செய்த சவுக்காரம் மற்றவற்றைவிட இந்தத் தண்ணீரில் நன்றாக நுரைக்கும். அது கடல்நீரிலும் நுரைப்பதால் கப்பற்காரர்கள் விரும்பி வாங்கியது. தென்னை வளர்ந்த புத்தளத்துக்கு இது ஒரு சின்ன அதிர்ஷ்டம். பிறகு சலவைத்தூள் வந்தது. அது சவுக்காரம் அல்ல, வன்னீரிலும் நுரைக்கும். வரலாற்றுப் புத்தகம் எதிலும் இடம்பெறாத ஒரு மாற்றம் அது என்று நினைக்கிறேன். சலவைத்தூள் வீட்டுக்குள் வந்த பிறகு எந்தக் கிணறு எப்படிப்பட்டது என்ற பேச்சே குறைந்துபோயிற்று. கையில் இருந்த ஒரு கருவி கையை விட்டுப் போனது.

மேற்கு நாடுகளில் இதற்கு விஞ்ஞானக் கருவி வந்ததும் சவுக்காரத்தின் வழியாகத்தான். அபர்டீனைச் சேர்ந்த இரசாயனவியலாளர் தோமஸ் கிளார்க் 1841இல் வன்னீரை மென்னீராக்கும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சவுக்காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டு வன்மையை அளக்கும் முறையையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவருடைய மென்மையாக்கும் முறையில் ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீரிலுள்ள சுண்ணாம்பை எடுக்க இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போட வேண்டும். போட்ட சுண்ணாம்பு, கரைந்திருந்த சுண்ணாம்பையும் இழுத்துக்கொண்டு அடியில் படியும். பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவன் "சேர், இது பேயை ஓட்ட இன்னொரு பேயைக் கூப்புடுற மாதிரி" என்பான்.

ஹவ்ழும் கிணறும்

பள்ளிவாசலின் தண்ணீரைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஷாபிஈ மத்ஹபுக் கிதாபுகளில் முதற் பாடமே சுத்தம். சுத்தத்தில் முதற் பேச்சே தண்ணீர். இரண்டு குல்லத்து அளவை, அதாவது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 லீற்றரை, எட்டிய தண்ணீர் அசுத்தம் பட்டாலும் நிறமோ மணமோ சுவையோ மாறாதவரை சுத்தமானதே என்ற சட்டம் நம் மத்ரசாப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஹவ்ழ் கட்டும்போது அதன் அளவு அந்தச் சட்டத்துக்குக் குறையாமல் பார்ப்பார்கள். அதே பாடத்தில் இன்னொரு சட்டம் உண்டு; அதை நாம் வேகமாக ஓதிவிட்டுப் போகிறோம். தண்ணீர் தங்குகிற இடத்தாலும் ஓடி வருகிற வழியாலும் அதில் கலந்து அதை மாற்றுகிற பொருள் அதன் தூய்மையைக் கெடுக்காது. கந்தகம், உப்பு மண், சுண்ணாம்பு எல்லாம் அதற்குள் அடங்கும். ஆக நிலத்தின் குணம் தண்ணீரில் ஏறுவதைப் புகஹாக்கள் குற்றமாகப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து வந்து விழுவதைத்தான் கவனமாகப் பார்த்தார்கள்.

நான் இதை இங்கே கொண்டுவருவது உபதேசத்துக்கு அல்ல. தண்ணீரில் நிலம் தந்தது எது, மனிதன் சேர்த்தது எது என்று பிரித்துப் பார்க்கும் ஒரு கண் இந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. புத்தளத்தின் அடுத்த முப்பது வருடக் கதையில் எங்களுக்கு இல்லாமல் போனது அந்தக் கண்தான்.

1990க்குப் பின்

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் மக்கள் வள்ளங்களில் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தவரும் மற்றவர்களும் தரை வழியாக வவுனியா வந்து, பிறகு இங்கே சேர்ந்தார்கள். புத்தளத்து மக்கள் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோப்புகளையும் திறந்துவிட்டார்கள். இது எல்லோரும் எழுதியது. அன்றைக்கு ஊர் திறந்துவிட்டவற்றில் கிணறுகளும் இருந்தன என்பதைச் சேர்த்து எழுதினால் வரலாறு முழுமையாகும்.

ஒரு குடும்பம் மொண்டு வந்த கிணற்றில் இருபது குடும்பம் மொள்ளத் தொடங்கியது. தில்லையடி, இரத்மல்யாய, பாலாவி, அங்கால ஆலங்குடா என்று ஊரின் ஓரங்கள் எல்லாம் ஓலைக் கொட்டில்களால் நிறைந்தன. முதல் மாதங்களில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தார்கள். கோடையில் கிணறு அடி தெரிந்தபோது வரிசையில் சொற்கள் தடித்தன. "அகதி" என்ற சொல் முதலில் இரக்கத்தோடு சொல்லப்பட்டது. பிறகு அது கிணற்றடியில் வேறு தொனியில் சொல்லப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன். நம் இரு தரப்பாரும் இதை மறைத்துவிட்டு விருந்தோம்பலை மட்டும் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. பெருந்தன்மையும் நடந்தது, கசப்பும் நடந்தது, இரண்டும் ஒரே கயிற்றில்தான் தண்ணீர் இறைத்தன.

வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள் என்பது பொருளைப் பொறுத்தவரை சரி. தண்ணீர் அறிவைப் பொறுத்தவரை பிழை. சோனகத் தெருவில் வளர்ந்தவர்களுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் புதிதல்ல. அதே கல்லின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு வந்தவர்கள் அவர்கள். கடல் சூழ்ந்த நிலத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது என்பதும், அவசரப்பட்டு இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும் என்பதும் அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். விஞ்ஞானம் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். மேலே ஓர் அடி இறங்கினால் கீழே நாற்பது அடி உப்பு ஏற இடம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த ஒரு ராத்தா, எங்கள் ஒழுங்கையில் முதல் மோட்டர் பூட்டியவரிடம், "தம்பி, வாளியால அள்ளுற தண்ணி இனிக்கும், மெசினால இழுக்குற தண்ணி கரிக்கும்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவர் சிரித்துவிட்டுப் போனார். சில வருடத்தில் அந்தக் கிணறு சவராயிற்று.

கற்பிட்டிப் பக்கத்து நிலை இன்னும் நுட்பமானது. அங்கே கல் அல்ல, மணல். மழைநீர் மணலில் இறங்கி மெல்லிய படையாக நிற்கும். மேலே மிளகாயும் வெங்காயமும் உரம் தின்று வளர, அந்த உரத்தின் நைத்திரேற்று மணல் வழியாக நேரே கிணற்றுக்குப் போகும். ஆய்வாளர்கள் இதை 1980களிலிருந்தே சொல்லி வருகிறார்கள். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கேத்தலில் படியாது, சவுக்காரத்தைத் திரைக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். அளவு கூடினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் வலுவை இழக்கும். அது பசளையிலிருந்து மட்டும் வருவதும் அல்ல. மலக்குழியிலிருந்தும் வரும்.

இந்த இடத்தில் பாடசாலைக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு போத்தல் வீட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். வன்மைப் பாடம். ஒரே அளவு தண்ணீர், ஒரே சவுக்காரக் கரைசல், எத்தனை துளியில் நுரை நிற்கிறது என்று எண்ண வேண்டும். ஊர்ப் பிள்ளைகளும் முகாம் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்த காலம். மேசையில் நாற்பது போத்தல் வரிசையாக நின்றபோது புறநகரின் நிலப்படம் ஒன்று என் முன்னால் இருந்தது மாதிரி இருந்தது. களப்புப் பக்கத்துப் போத்தல்கள் துளியைக் குடித்துக்கொண்டே போயின. எல்லாவற்றிலும் விரைவாக நுரைத்தது ஒரு முகாம் பிள்ளையின் போத்தல். வகுப்பே கைதட்டியது, அந்தப் பிள்ளைக்கு முகம் மலர்ந்தது, அந்த வருடம் அவளுடைய கொட்டிலைப் பற்றி யாரும் நல்லதாக எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். நுரை சுத்தத்தைச் சொல்லாது, சுண்ணாம்பைத்தான் சொல்லும் என்று அன்றைக்கே கரும்பலகையில் எழுதினேன். அடுத்த மாரியில் அந்த முகாமில் வயிற்றோட்டம் பரவி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து அந்தக் கிணற்றில் குடிக்க வேண்டாம் என்று பலகை வைத்தார். கிணற்றைச் சுற்றி எட்டுப் பத்து அடியில் மலக்குழிகள். ஐம்பது அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. கொட்டில்களுக்கு இருந்த இடத்தில் ஐம்பது அடி எங்கே போவது? சுண்ணாம்புக் கல்லிலோ வெடிப்பும் பொந்தும் உண்டு. மண் வடிகட்டுகிற மாதிரி கல் வடிகட்டாது.

பலருக்குக் கல் வீடு கிடைக்கப் பல வருடம் எடுத்தது. உலக வங்கியின் புத்தளம் வீடமைப்புத் திட்டம் 2007இல்தான் தொடங்கியது. கொட்டில் வீடாயிற்று. கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலிருந்த தூரம் எல்லா இடத்திலும் கூடவில்லை.

குழாயும் போத்தலும்

ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு வறண்ட வலய நகரங்களுக்கான நீர்வழங்கல் திட்டம் 2008இல் அங்கீகரிக்கப்பட்டது. வவுனியா, மன்னார், புத்தளம், சிலாபம் என்பன அதில் அடங்கின. புத்தளத்துக்குக் கலா ஓயா நீர். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலா வாவியில் தேங்கி, கீழே இராஜாங்கனைக் குளத்தில் தங்கி, வில்பத்துக் காட்டின் ஓரமாக வந்து கங்கேவாடியவில் களப்பில் விழுகிற ஆறு. இப்னு பதூதாவின் கறுவாக் கட்டைகளை உருட்டி வந்தது இதுவாகவும் இருக்கலாம்; நிரூபிக்க வழியில்லை, நினைத்துப் பார்க்க உரிமை உண்டு.

குழாய் நீர் எங்கள் புறநகர் ஒழுங்கைகளுக்கு வந்தபோது எழுந்த முதல் முறைப்பாடு என்ன தெரியுமா? "தண்ணில ருசி இல்ல." ஆற்று நீர் கிணற்று நீரைவிட மென்மையானது; சுண்ணாம்புக்குப் பழகிய நாக்குக்குச் சப்பென்று இருந்தது. இரண்டாவது முறைப்பாடு குளோரீன் நாற்றம். கிணற்றில் இத்தனை காலம் என்ன இருந்தது என்று கேட்காதவர்கள் குளோரீனைக் கண்டு முகம் சுளித்தார்கள். குளோரீன் நாற்றம் என்பது யாரோ ஒருவர் தண்ணீரைக் கவனிக்கிறார் என்பதற்கு அடையாளம். ஒரு குடத்தில் சில மணி நேரம் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் குழாய் எல்லா நேரமும் வருவதில்லை, எல்லா வளவுக்கும் வரவில்லை. ஆகவே வீடுகளில் மீண்டும் மூன்று தண்ணீர்: குழாய், கிணறு, கடையில் வாங்கும் 'பில்டர் தண்ணி'.

அந்த மூன்றாவதுதான் இன்றைய கதை. வடமத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்ட, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் நாடு முழுவதும் தண்ணீர்ப் பயத்தை விதைத்தது. அங்கே தண்ணீரின் வன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனம் என்று பல சந்தேகங்கள் பேசப்பட்டன. ஒரே காரணம் என்று இன்றுவரை முடிவாகவில்லை. ஆனால் எங்கள் ஊரில் அந்த விவாதம் முழுவதும் ஒரே வாக்கியமாகச் சுருங்கி வந்து சேர்ந்தது: "சுண்ணாம்புத் தண்ணி குடிச்சா கிட்னி போயிடும்." சிறுநீரகக் கல்லுக்கும் அதையே சொல்கிறார்கள். வன்னீருக்கும் கல்லுக்கும் நேரான தொடர்பை ஆய்வுகள் உறுதியாக நிறுவவில்லை; வெயில் ஊரில் போதிய அளவு தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது அதைவிடப் பெரிய காரணம். வன்மைக்கு உடல்நல அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் எல்லை எதுவும் வைக்கவில்லை. இலங்கைக் கட்டளைகள் நிறுவகத்தின் 614ஆம் இலக்கக் குடிநீர் நியமம் 1983இல் லீற்றருக்கு 250 மில்லிகிராமை விரும்பத்தக்க அளவாகவும் 600ஐ அனுமதிக்கத்தக்க உச்சமாகவும் வைத்தது. 2013இன் திருத்தம் 250 என்ற ஒரே எண்ணை வைத்தது. நைத்திரேற்றுக்கு 50, புளோரைட்டுக்கு 1. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. முதலாவது எண் தாண்டினால் கேத்தல் பழுதாகும், சவுக்காரச் செலவு கூடும், ருசி மாறும். மற்ற இரண்டும் தாண்டினால் பிள்ளைக்கு ஆபத்து.

கேத்தல் அடியில் கண்ணால் காண்கிற வெள்ளைப் பொருக்கைப் பார்த்துப் பயந்து, மாதம் முடிய வேண்டிய காசில் ஒரு பங்கைப் போத்தல் தண்ணீருக்குக் கொடுக்கிற குடும்பங்களை நான் தினமும் பார்க்கிறேன். அதே வீட்டில், மலக்குழிக்குப் பத்தடியில் இருக்கிற கிணற்றுத் தண்ணீரில் பிள்ளையின் பால் போத்தலைக் கழுவுகிறார்கள். கிணற்றைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டால், "கண்ணுக்குத் தெளிவாத்தானே இருக்கு" என்ற பதில். ஆர்.ஓ. இயந்திரம் சுண்ணாம்பை எடுக்கும், நைத்திரேற்றையும் புளோரைட்டையும் பெருமளவு எடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தள்ளப்பட்ட உப்புச் செறிந்த தண்ணீர் எங்கே போகிறது? பல இடங்களில் பின்புற மண்ணுக்குத்தான். அந்த மண்ணின் கீழே இருப்பது அடுத்த வீட்டுக் கிணறு. சுத்திகரித்த போத்தலை நிரப்பும் குழாயையும் தாங்கியையும் யார் எப்போது கழுவுகிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கிடையில் அறுவாக்காடு இன்னொரு காரணத்துக்காக நாட்டுக்கே தெரிந்த பெயராயிற்று. கல் வெட்டியெடுத்த பள்ளத்தில் கொழும்புக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டும் திட்டத்துக்கு எதிராகப் புத்தளத்தின் மூவின மக்களும் 2018, 2019இல் வீதியில் இறங்கினார்கள். 2019இல் குப்பை வரத் தொடங்கியது. குழியின் அடியில் படலம் விரித்து, கசிவு நீரைப் பிடித்துச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடு வடிவமைக்கப்பட்டது என்றார்கள். மக்களின் பயம் கற்பனையிலிருந்து வந்ததல்ல. வெடிப்பும் பொந்தும் உள்ள கல்லின் மேல் வாழ்கிறவர்கள், மேலே விழுவது கீழே எங்கே போகும் என்று கேட்டார்கள். வண்ணாத்திவில்லுப் பக்கத்தில் ஆழமான சுண்ணாம்புப் படைகளில் அழுத்தத்தோடு அடைபட்ட நல்ல நீர் இருக்கிறது. நாட்டின் முக்கிய நிலத்தடி நீர்ச் சேமிப்புகளில் ஒன்று அது. அந்தப் போராட்டத்தில் பேசப்பட்டவற்றில் களப்பும் இறாலும் மீனும் நாற்றமும் நிறைய வந்தன. கல்லுக்குள் இருக்கிற தண்ணீர் குறைவாகவே வந்தது. இங்கேயும், கண்ணுக்குத் தெரிவது பேச்சில் முந்திக்கொண்டது.

நம் ஆய்வாளர்களிடம் கேட்க நினைப்பது ஒன்று உண்டு. புத்தளத்தின் பழைய உறுதிகளைப் பார்க்கிறவர்கள், அவற்றில் கிணற்றுப் பங்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தனியாகக் குறித்து வைக்கலாம். காணி விற்றாலும் கிணற்றில் அரைப் பங்கு, கால் பங்கு என்று பிடித்து வைத்த உறுதிகளை என் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன். சீதனத்தில் கிணற்றுப் பங்கு கொடுத்ததும் உண்டு. தண்ணீர் மொள்ளும் பாதை விட வேண்டும் என்று எல்லை விவரத்திலேயே எழுதியிருப்பார்கள். பெண்களின் வழி வந்த சொத்துரிமையை ஆராய்கிறவர்களுக்கும், ஒழுங்கைகள் ஏன் இப்படி வளைந்து போகின்றன என்று யோசிக்கிறவர்களுக்கும் அந்த ஒற்றை வரிகளில் விடை கிடைக்கக்கூடும். இரண்டாயிரத்துக்குப் பிந்திய உறுதிகளில் அந்த வரி அருகி வருகிறது.

கிணறுகளும் அருகி வருகின்றன. குழாய் வந்த வளவுகளில் கிணற்றுக்குக் கொங்கிறீற் மூடி போட்டு, அதன் மேல் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள். சிலர் குப்பையும் இடிபாடும் போட்டு நிரப்புகிறார்கள். இன்னும் சிலர், சொல்லவே கூசுகிறது, மூடிய கிணற்றையே மலக்குழியாக மாற்றுகிறார்கள். உம்மம்மா குடிநீர் மொண்ட நல்லதண்ணிக் கிணறு இப்போது ஒரு வீட்டின் வாகனத் தரிப்பிடத்தின் கீழே இருக்கிறது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். மூடியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டபோது திறந்து காட்டினார். தண்ணீர் பன்னிரண்டு அடியில் நின்றது. ஒரு வாளி மொண்டு, பழைய சவுக்காரக் கரைசலைத் துளித்துப் பார்த்தேன். பதினெட்டாம் துளியில் நுரை நின்றது. மறுநாள் இரண்டு போத்தல் நிரப்பி நைத்திரேற்றுக்கும் கிருமிக்கும் பரிசோதிக்கக் கொடுத்திருக்கிறேன். முடிவு வர இரண்டு கிழமை ஆகும் என்றார்கள்.